ஓரியூர் மணலும் கீழக்கரைத் தூணும்

மண்டபம்,
மே மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். வீட்டுக்காரிக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15லிருந்து விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன; ஜூன் 14 வரை நாட்டுப்படகு மீன்தான். கச்சான் காற்று எழும்பிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கிறது, அதனால் ஒரு சங்கை மேலே வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "ராஜாக்கள் கதையைப் படித்து என்ன ஆகப்போகிறது? உப்பும் மீனும் மழையும்தானே நம் பக்கத்து வரலாறு" என்று எழுதியிருந்தாய். பாதி சரிதான். ஆனால் போன மாதம் ஓரியூருக்கும் கீழக்கரைக்கும் போய்வந்ததிலிருந்து ஒரு மனிதர் என்னைத் தூங்கவிடவில்லை. ராமநாதபுரம் சீமையை, மறவர் சீமை என்பார்களே, அதை ஆண்ட கிழவன் சேதுபதிதான். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர். 1702இல் ராணி மங்கம்மாள் அனுப்பிய மதுரைப் படையைத் தோற்கடித்தவர். பள்ளிக்கூடத்தில் இதோடு பாடம் முடிந்துவிடும். நானே முப்பது வருசம் அப்படித்தான் நடத்தினேன்.

ஓரியூரில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அந்தச் செம்மண்ணைப் பார்த்திருக்கிறாயா? காய்ந்த செங்கல்லைப் பொடித்த மாதிரி இருக்கிறது. ஒரு வயதான அம்மா குனிந்து ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டு, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பேரனுக்குக் காய்ச்சலாம். அருளானந்தர் ரத்தம் விழுந்து சிவந்த மண் என்பது அவர்கள் நம்பிக்கை. அருளானந்தர் என்று நம் மக்கள் சொல்லும் போர்ச்சுக்கல் நாட்டுச் சேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோவை 1693 பிப்ரவரி 4இல் தலை வெட்டிக் கொன்றது அங்கேதான். ஆணை கிழவன் சேதுபதியுடையது.

அதே சேதுபதி 1686இல் அவரை விடுதலை செய்திருக்கிறார், மாப்ளே! அதிகாரிகள் பிடித்துச் சித்திரவதை செய்து கொண்டுவந்து நிறுத்தியபோது, பேசிப் பார்த்துவிட்டு, "என் சீமையில் போதிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிரிட்டோ போர்ச்சுக்கலுக்குப் போனார். அங்கே அரசர் அவருடைய சின்ன வயசுத் தோழர். இங்கேயே இரு என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் மறவர் சீமைக்கே திரும்பி வந்தார். அதுவும் ஒரு முடிவுதானே. என்ன நடக்கும் என்று தெரிந்தே வந்த மனிதர்.

இந்த ஏழு வருசத்தில் சேதுபதியின் குணம் மாறிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரில் இருந்த கணக்கு மாறிவிட்டது. தடியத் தேவர் என்று ஒருவர். சேதுபதி வம்சத்துக்காரர், அரியணைக்கு உரிமை சொல்லக்கூடியவர். அவர் கிறிஸ்தவரானார். ஒரு மனைவி போதும், மற்றவர்களை விலக்கிவிட வேண்டும் என்பது பிரிட்டோ வைத்த நிபந்தனை. அப்படி விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். கல்யாணம்தான் அன்றைக்குப் ஒரு பாளையத்தையும் இன்னொரு பாளையத்தையும் கட்டி வைத்த கயிறு. அது அறுந்தால் என்ன ஆகும் என்று மதுரைக்குப் பணியாமல் தனித்து நிற்கப் பார்த்த ஒரு மன்னருக்குத் தெரியாமலா இருக்கும்? கொலையைக்கூட ராமநாதபுரத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஓரியூரில் இருந்த தம்பியிடம் அனுப்பிவிட்டார். அந்த ஒரு செய்கையில் அவருடைய பயம் எனக்குத் தெரிகிறது.

கீழக்கரைக்கு வா. அங்கே கல்லால் கட்டிய பழைய ஜும்மா பள்ளி. தூணைத் தொட்டால் திருப்புல்லாணிக் கோயில் தூணைத் தொட்ட மாதிரியே குளுமை. சீதக்காதி கட்டியது என்கிறார்கள். சீதக்காதி என்கிற அந்தப் பெரியதம்பி மரைக்காயருக்குத் தன் பட்டப் பெயரையே கொடுத்து 'விஜய ரகுநாத பெரியதம்பி' ஆக்கியவர் இதே கிழவன் சேதுபதி. தூத்துக்குடியை 1658இல் பிடித்த டச்சுக்காரர்கள் கடல் வியாபாரம் முழுக்கத் தங்களுக்கே என்று நின்றபோது, கப்பல் வைத்திருந்த ஒரு மரைக்காயரை நம்பினார். பிரிட்டோவை வெட்டியதற்கு வேற்று மதம் என்ற ஒரு காரணம் மட்டும் இருந்திருந்தால் இந்த நட்பு எப்படி நடந்திருக்கும்? ஆக, உப்பும் மீனும் மழையும் நீ சொன்ன மாதிரி இருக்கத்தான் செய்தன. அவற்றை வைத்துக்கொண்டு யாரைச் சேர்ப்பது, யாரை வெட்டுவது என்று ஒருவர் முடிவெடுத்தார். அந்த இடத்தில்தான் எனக்கு வரலாறு புரிகிறது.

அப்புறம், வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்த மகள், "அன்னைக்கு என்னை ஏம்ப்பா மெட்ராஸ்ல படிக்க அனுப்பல?" என்று கேட்டாள். இருபது வருசம் கழித்து. தங்கை கல்யாணக் கடன், வட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "கடன் இருந்தது சரிப்பா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அதிலிருந்து கடலாயியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கணவன் விலக்கினான், பெரியப்பா மாதிரி இருந்தவர் அதை மானப் பிரச்சினை ஆக்கினார், ஒரு துறவி தலை போனது. அவளை யார் கேட்டார்கள்? 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையேறியதை ஒரு சேசு சபைப் பாதிரியார் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 47 என்று எண்ணிக்கை இருக்கிறது. ஓரியூரில் கடலாயி பெயரில் ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை.

தடைக்காலம் முடிவதற்குள் நீ ஒரு நடை வா. தொண்டி வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓரியூர் போகலாம். மகளும் வருகிறேன் என்கிறாள். இந்தத் தடவை நான்தான் அவளிடம் முதலில் கேட்டேன்.

உன்,
மாப்பிள்ளை