தமிழ்ப் பக்கம் இல்லையென்றால் தளமே அதைச் சொல்லட்டும்: அரச நிறுவனங்களின் இணையத்தளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழி இணையத்தளங்களைக் கட்டிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சென்ற மாதம் அயல்வீட்டு அம்மா ஒருவர், காணி தொடர்பான விண்ணப்பமொன்றின் இறுதித் திகதியை அறிய என்னிடம் வந்தார். உரிய நிறுவனத்தின் தளத்தைத் திறந்தோம். அறிவித்தல் ஆங்கிலத்தில் இருந்தது. மேல் மூலையில் 'தமிழ்' என்ற பொத்தானும் இருந்தது. அதை அழுத்தியதும் தளம் எங்களைத் தமிழ் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து ஒவ்வொரு பட்டியலாக நுழைந்து தேடிக் களைத்த பின்னரே, அந்த அறிவித்தல் தமிழில் மொழிபெயர்க்கப்படவே இல்லை என்பது விளங்கியது. தளம் அதை எந்த இடத்திலும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குறித்தே இம்மடல்.

1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் இலங்கை அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்பதையோ, 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது என்பதையோ நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையையும் நான் அறிவேன். ஆயினும் அந்தப் பற்றாக்குறையை மறைத்துவைக்கும் வகையில் தளங்கள் கட்டப்படுவதற்கு அது காரணமாகாது. ஆங்கிலத் தளத்தை முழுமையாக முடித்துவிட்டு, மற்ற இரு மொழிகளையும் பிறகு ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் வேலை எப்போதும் இப்படித்தான் முடிகிறது.

அறிவித்தல்கள், படிவங்கள், சுற்றறிக்கைகள், தொடர்பு விவரங்கள் என்ற அளவில் நிற்கும் ஒரு தளத்துக்குத் தரவுத்தளம் தேவையே இல்லை. நிலைத்தள உருவாக்கி எனப்படும் மென்பொருளில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. ஒரே கட்டளையில் அவை அனைத்தும் எச்டிஎம்எல் பக்கங்களாகிச் சேவையகத்துக்குப் போகின்றன. ஜெக்கில் போன்ற பழைய உருவாக்கிகளுக்குப் பன்மொழி வசதியைச் செருகுநிரல் கொண்டுதான் சேர்க்க வேண்டும். ஹியூகோ என்ற உருவாக்கியில் அது 2016 முதல் உள்ளேயே இருக்கிறது: ஒரே பெயருள்ள மூன்று கோப்புகளுக்கு மொழிக்குறியை மட்டும் மாற்றி வைத்தால், அவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்பதை அது தானே அறிந்துகொள்ளும். ஆகவே எந்த அறிவித்தலுக்குத் தமிழ்க் கோப்பு இல்லை என்பதும் அதற்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வைப்பதும் சொல்லாமல் விடுவதும் கட்டுபவர் கையில் இருக்கிறது.

பெரும்பாலும் சொல்லாமலே விடுகிறார்கள். இயல்புநிலை மொழியாக ஆங்கிலத்தை வைத்த தளத்தில், 'மேலும் வாசிக்க', 'தரவிறக்குக' போன்ற இடைமுகச் சொல் ஒன்றுக்குத் தமிழ் கொடுக்கப்படாவிட்டால், ஹியூகோ சத்தமில்லாமல் ஆங்கிலச் சொல்லை அந்த இடத்தில் வைத்துவிடும். விடுபட்ட சொற்களைப் பட்டியலிடும் எச்சரிக்கையும், அவை வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறியிட்டுக் காட்டும் தெரிவும் அதே மென்பொருளில் உண்டு, கேட்டால்தான் செய்யும். மொழி மாற்றும் பொத்தானும் அப்படித்தான். தமிழ்ப் பக்கம் இல்லாதபோது முகப்புக்கு அனுப்புவது வார்ப்புருவை, அதாவது பக்கங்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் கோப்பை, எழுதியவரின் முடிவே தவிர, மென்பொருளின் கட்டாயம் அன்று.

நான் கட்டும் தளங்களில் இரண்டு விதிகளை வைத்திருக்கிறேன். படிவம், கட்டணம், இறுதித் திகதி ஆகியவை உள்ள பக்கம் மூன்று மொழிகளிலும் இல்லையென்றால், வார்ப்புருவில் உள்ள சில வரிகள் பிழையை எழுப்பித் தளம் உருவாவதையே நிறுத்திவிடும். வெள்ள எச்சரிக்கை போன்ற அவசர அறிவித்தலுக்கு இந்த விதி பொருந்தாது. மொழிபெயர்ப்புக்காக அதைத் தடுத்து வைப்பது மக்களுக்கு ஆபத்து. அதை வந்த மொழியிலேயே வெளியிட்டு, தமிழ்ப் பக்கத்தின் அதே முகவரியில் 'இந்த அறிவித்தல் இன்னும் தமிழில் கிடைக்கவில்லை' என்ற வரியையும் வெளியான திகதியையும் தமிழிலேயே காட்ட வேண்டும் என்பது இரண்டாவது விதி. அயல்வீட்டு அம்மாவுக்கு அந்த ஒரு வரி கிடைத்திருந்தால், அரை மணி நேரம் என் வீட்டுக் கதிரையில் காத்திருந்திருக்க மாட்டார்.

கேள்விமனுவை எழுதுமுன் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. உங்கள் அலுவலகங்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய ஆவணங்கள் ஏராளம். அவற்றை அப்படியே எடுத்து ஒட்டினால், திரையில் புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்க, சுற்றிலும் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் தமிழ் ஆவணத்தை வருடி, படமாகப் பிடிஎஃப் கோப்பில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குள் உள்ள எந்தச் சொல்லையும் தேடுபொறியில் தேடிப் பிடிப்பது கடினம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) முறைக்கு மாற்றும் வேலைக்கான நாட்களையும் பணத்தையும் கேள்விமனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள்.

முகவரிகளைத் தமிழில் வைக்க விரும்பினால் மேலும் ஒரு பொறி இருக்கிறது. எழுத்தின் மேலிடும் உச்சரிப்புக் குறிகளை முகவரியிலிருந்து நீக்கும் தெரிவு ஒன்று ஹியூகோவில் உண்டு. ஐரோப்பிய மொழிகளுக்கு அது உதவும். தமிழ்த் தளத்தில் அதை இயக்கினால் நம் புள்ளியும் ஈகாரக் குறியும் அந்த வகையில் சேர்ந்து அகன்றுவிட, 'நீர்-வழங்கல்' என்ற முகவரி 'நர-வழஙகல' ஆகிவிடும். நானே ஒருமுறை பிரெஞ்சுத் தளமொன்றின் அமைப்புக் கோப்பைப் பிரதிபண்ணி இதில் மாட்டிக்கொண்டேன். திகதிகளில் மாதப் பெயர் ஆங்கிலத்திலேயே வருவது பழைய தீம்களின், அதாவது ஆயத்த வடிவமைப்புத் தொகுப்புகளின், குறை. மாதப் பெயர்களை அந்தந்த மொழியில் தரும் வசதி 2021 முதல் ஹியூகோவில் இருக்கிறது.

இந்த வழியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற மென்பொருளையும், உரைக்கோப்பில் தலைப்பு, பட்டியல் முதலியவற்றைக் குறியிடும் மார்க்டவுன் முறையையும் மொழிபெயர்ப்பாளர்களிடம் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமன்று. டெகாப் போன்ற திருத்தும் இடைமுகம் ஒன்றை மேலே வைத்துக்கொடுக்க வேண்டும், அதற்கும் செலவுண்டு. ஆனால் யார் எந்தப் பக்கத்தை எப்போது திருத்தினார் என்பது கிட்டில் பதிவாகிவிடுவதால், ஆங்கிலப் பக்கத்தில் கட்டணம் மாறியும் தமிழ்ப் பக்கத்தில் பழைய தொகையே நிற்கும் இடங்களை உங்களால் ஒரே பார்வையில் கண்டுபிடிக்க முடியும். மொழிபெயர்க்கப்படாத பக்கத்தைவிடப் பழைய தொகையைச் சொல்லும் பக்கம் கூடுதல் தீங்கு செய்யும் என்பது என் அனுபவம்.

எனவே, அடுத்த முறை தளமொன்றுக்கு விலைமனுக் கோரும்போது 'மும்மொழியில் இருக்க வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், மூன்று மொழிகளும் முகவரியில் தத்தம் அடைவில் சமமாக இருக்க வேண்டும், மொழிப் பொத்தான் அதே பக்கத்தின் மொழிபெயர்ப்புக்கே செல்ல வேண்டும், விடுபட்ட பக்கங்களின் பட்டியல் மாதந்தோறும் நிறுவனத் தலைவரின் மேசைக்கு வர வேண்டும் என்று எழுதுமாறு வேண்டுகிறேன். சரிபார்க்கும் அந்தச் சில வரிகளை எந்த நிறுவனத்துக்கும் கட்டணமின்றித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மும்மொழித் தளங்கள் கட்டும் ஒருவன்,
வவுனியா.