ரவுண்ட்ஹவுஸ் தூண்கள் அலங்காரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் கேம்டனில் உள்ள ரவுண்ட்ஹவுஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இசையரங்காக அது பெற்ற மறுவாழ்வை விரிவாகச் சொன்ன கட்டுரை, ரயில் என்ஜின்களை நிறுத்தும் ஷெட்டாக அது எப்படி வேலை செய்தது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டது. உள்ளே நிற்கும் 24 வார்ப்பிரும்புத் தூண்களை ‘அலங்காரத் தூண்கள்’ என்று எழுதியிருப்பது உறுத்துகிறது. கூரையைத் தாங்குபவையே அவைதான். எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றுக்கு இடம் குறித்தவை தண்டவாளங்கள்.

1846-47இல் கட்டிய இந்த ஷெட் 160 அடி விட்டமுள்ள வட்டம். நடுவில், என்ஜினை ஏற்றித் திருப்பும் 36 அடி சுழல்மேடையான டர்ன்டேபிள். அதிலிருந்து பாதைகள் ஆரக்கால்களாகப் பிரிந்து, தூண்களுக்கு நடுவே புகுந்து சுவர்வரை போகும். 36 அடி வட்டத்தின் சுற்றளவு சுமார் 113 அடி. அதை 24ஆல் வகுத்துப் பாருங்கள்: 4 அடி எட்டரை அங்குலம் வரும். ஸ்டாண்டர்ட் கேஜில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலமும் அதுவே! டர்ன்டேபிள் விளிம்பில் ஒரு பாதையின் தண்டவாளம் அடுத்த பாதையின் தண்டவாளத்தை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நிற்கும் நெருக்கம் அது.

இந்த ஷெட்டின் ஆயுளைக் குறைத்ததும் இதே கணக்குதான். பத்தாண்டுக்குள் என்ஜின்கள் நீண்டுவிட்டன. டர்ன்டேபிளை 10 அடி பெரிதாக்கினால் என்ஜின் நிற்கும் ஒவ்வொரு பாதையிலும் 5 அடி போய்விடும். வட்டச் சுவரைத் தள்ளி வைக்க முடியாது. நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் இணைப்பு வண்டியான டெண்டரோடு ஏற முடியாத என்ஜினை, டெண்டரிலிருந்து பிரித்துத் தனித்தனியாகத்தான் திருப்ப வேண்டும். ஏறினாலும், எடை நடு அச்சின் மேல் சரியாக அமையாவிட்டால் ஆட்கள் தள்ளித் திருப்புவது பெரும்பாடு. டர்ன்டேபிள் பழுதானாலோ, உள்ளே நிற்கும் எந்த என்ஜினும் வெளியே வராது. வட்ட ஷெட்டுகள் எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம் இது.

கூம்புக் கூரைக்கும் காரணம் உண்டு. புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். புகை தேங்காமல் மேலேறி வெளியேறத்தான் உச்சியில் திறப்பு வைத்தார்கள். தரைக்கடியில் உள்ள செங்கல் வளைவு அறைகளும் நடுவிலிருந்து பிரிந்து செல்பவையே. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இங்கிலாந்தின் டெர்பியில் 1839இல் கட்டிய 16 பக்க ஷெட் இன்று கல்லூரியாக இயங்குகிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள். எழுதும்போது முகப்புப் படத்தோடு நிறுத்தாமல், பாதைகளும் டர்ன்டேபிளும் குறித்த தரை வரைபடத்தையும் அவசியம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொன்மலை, திருச்சி