காய்கறிச் சாறு இன்னொரு குளிர்பானம் ஆகிவிடக் கூடாது: கேன்டீன் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் கேன்டீன் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அங்கே எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று முடிவெடுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

குளிர்பானங்களைக் குறைத்து அந்த இடத்தில் காய்கறிச் சாறு தரலாம் என்று உங்களில் சிலர் எண்ணி வருகிறீர்கள். சிலர் தொடங்கியும் விட்டீர்கள். அந்த எண்ணத்தை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆயினும் இம்மடலை எழுதத் தூண்டியது மகிழ்ச்சி மட்டுமன்று, ஓர் அச்சமும்தான். கொஞ்சம் கவனம் தப்பினால், குளிர்பானத்தை வெளியேற்றிய அதே இடத்தில் காய்கறியின் பெயரைச் சூடிக்கொண்டு இன்னொரு குளிர்பானம் வந்து அமர்ந்துவிடும். அப்படி அமர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் கேன்டீனில் கேரட் சாறு அறிமுகமாயிற்று. முதல் வாரம் அது கெட்டியாகவும், மண்ணின் வாசம் சற்றே மிஞ்சியதாகவும் இருந்தது, வாங்கியவர்கள் சிலரே. இரண்டாம் வாரம் சக்கையை வடிகட்டினார்கள். மூன்றாம் வாரம் சர்க்கரைப் பாகு சேர்ந்தது. பிறகு பனிக்கட்டி பாதிக் குவளையை அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் கழிந்தபோது வரிசை நீண்டிருந்தது. குவளையில் இருந்ததோ ஆரஞ்சு நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர். யாரையும் ஏமாற்றும் நோக்கத்தில் எவரும் அதைச் செய்யவில்லை. வாங்குவோர் முகம் சுளித்தபோதெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டதால் வந்த வினை அது.

குளிர்பானத்தை ஏன் விலக்க வேண்டும் என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். இருப்பினும் அளவைச் சொன்னால்தான் பின்னால் நான் கேட்கப்போவது புரியும். 330 மில்லி லிட்டர் கோலா டின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கொண்டால் எட்டுத் தேக்கரண்டிக்கும் மேல். தேநீரில் எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நம்மில் எவரும் ஒரு மிடறுக்கு மேல் குடிக்க மாட்டோம். கோலாவில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பும் குளிர்ச்சியும் அந்த இனிப்பின் கனத்தை மறைத்துவிடுவதால் மளமளவென்று உள்ளே இறங்குகிறது. சேர்க்கப்படும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் இருக்கும் சர்க்கரையும் சேர்ந்து மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மேலும் நல்லது என்றும் உலகச் சுகாதார அமைப்பு 2015-இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் என்று வரும். ஒரே டின்னில் இரண்டாவது எல்லை தாண்டப்பட்டுவிடுகிறது. அமிலத்தின் கதை தனி: புளிப்பை அளக்கும் எண்ணான பிஹெச் குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும்; பல்லின் மேற்பூச்சான எனாமல் ஏறத்தாழ 5.5 என்ற பிஹெச் அளவுக்குக் கீழே கரையத் தொடங்கும். கோலாவின் பிஹெச் 2.5-ஐ ஒட்டியது. 'டயட்' வகைகளில் சர்க்கரை இல்லாவிட்டாலும் இந்த அமிலம் இருக்கத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு, உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-இல் அதே அமைப்பு பரிந்துரைத்திருக்கிறது.

"அப்படியானால் பழச்சாறு கொடுத்துவிடலாமே" என்பது கேன்டீன் கூட்டங்களில் தவறாமல் எழும் யோசனை. சர்க்கரையைப் பொறுத்தவரை அது பெரிய மாற்றம் அன்று. ஆப்பிள் சாற்றில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருப்பதால் அது கோலாவுக்கு அருகில் நிற்கிறது. திராட்சைச் சாறு கோலாவையே மிஞ்சிவிடும். காய்கறியை நான் வற்புறுத்துவது இதனால்தான். தக்காளிச் சாற்றில் அதே அளவுக்கு 3 கிராம் போல, கேரட் சாற்றில் 4 கிராம் போலவே சர்க்கரை இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரான வெள்ளரிக்காயில் அதனினும் குறைவு. பீட்ரூட் மட்டும் விதிவிலக்கு. அதன் இனிப்பு கேரட்டைவிட வெகுவாகக் கூடுதல் என்பதால் அதைத் தனியாக ஊற்றாமல், வெள்ளரியோடோ தக்காளியோடோ கால் பங்கு கலந்தால் போதும்.

சர்க்கரை குறைவு என்பதோடு நிற்காமல், கோலாவில் அநேகமாக இல்லாத சிலவும் இந்தக் குவளையில் வருகின்றன. தக்காளியில் பொட்டாசியமும் அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனும், கேரட்டில் உடலுக்குள் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டினும் உள்ளன. பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கிறது. கரோட்டினும் லைக்கோபீனும் கொழுப்பில் கரைபவை. ஆகவே வெறும் வயிற்றில் குடிப்பதைவிட உணவோடு குடிப்பதே பயன் தரும். லைக்கோபீன் வேகவைத்த தக்காளியிலிருந்துதான் உடலில் நன்றாகச் சேரும் என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. தக்காளியைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அரைத்துக் குளிரூட்டினால் சுவையும் இதமாகும், கிருமி அச்சமும் குறையும்.

இனி என் முதன்மையான வேண்டுகோளுக்கு வருகிறேன். வடிகட்டாதீர்கள். 100 கிராம் கேரட்டில் ஏறத்தாழ 2.8 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. பிழிந்து வடித்த சாற்றில் அது ஒரு கிராம்கூடத் தேறாது. பிழியும் இயந்திரம் சக்கை என்று ஒதுக்கித் தள்ளுவதில்தான் காய்கறியின் நற்பண்புகளில் பாதி போய்விடுகிறது. மிக்ஸியில் நீர்விட்டு அரைத்து அப்படியே ஊற்றினால் குவளை கொஞ்சம் கெட்டியாக இருக்கும், மெல்லக் குடிக்க வேண்டியிருக்கும். குடிப்பவர் மெல்லக் குடிப்பது குறையன்று. அப்படி அரைத்தாலும் சாறு சாறுதான், காயை மென்று தின்பதற்கு ஈடாகாது. நாளுக்கு ஐந்து பங்கு காய்கனி உண்ணச் சொல்லும் பிரிட்டன் அரசின் வழிகாட்டுதல், எத்தனை குவளை குடித்தாலும் சாற்றை 150 மில்லி லிட்டர் கொண்ட ஒரே பங்காகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உணவுத் தட்டிலிருந்து பொரியலைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் சாறு என்று எவரும் கணக்குப் போட வேண்டாம். சாறு இடம்பெயர்க்க வேண்டியது குளிர்பானத்தை மட்டுமே.

சர்க்கரை வேண்டாம் என்றதும் உப்பு உள்ளே நுழையும். அதுவும் நான் பார்த்ததே. உப்பிட்டுப் புட்டியில் அடைக்கப்படும் தக்காளிச் சாற்றில் 100 மில்லி லிட்டருக்கு 250 மில்லி கிராம் அளவில் சோடியம் இருப்பது உண்டு. 250 மில்லி லிட்டர் குவளை ஒன்றைக் குடித்தால் 600 மில்லி கிராமைத் தாண்டிவிடும்; ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவே 2,000 மில்லி கிராம்தான். புட்டிச் சாறு வாங்குவதாக இருந்தால் உறையின் முன்புறத்துப் படத்தைப் பாராமல் பின்புறத்து அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். சுவைக்கு எலுமிச்சை, இஞ்சி, புதினா, மிளகு இவை நான்கும் போதும். குமிழி இல்லாமல் தொண்டை நிறையவில்லை என்பவர்களுக்கு (நானும் அந்தக் கட்சிதான், கோலாவை விட்ட பிறகு நான் தேடியது இனிப்பை அன்று, அந்தச் சுர்ரென்ற குமிழியை) வெள்ளரி, புதினா அரைத்த விழுதில் இனிப்பில்லாத சோடாவை ஊற்றிக் கொடுங்கள்.

தூய்மையைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலையன்று. இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேரட் சாற்றில் புளிப்பு குறைவு. புளிப்பு குறைந்த சாறு குளிரில் வைக்கப்படாவிட்டால் நரம்புகளை முடக்கும் போட்டுலிசம் நச்சைத் தரும் கிருமிக்கு அது ஏற்ற இடமாகிவிடும். 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் புட்டியில் வந்த கேரட் சாற்றைக் குடித்தவர்கள் இந்த நச்சுக்கு ஆளானார்கள். எனவே அன்றைய சாறு அன்றைக்கே, குளிர்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டாவது, வெள்ளரியோ சுரைக்காயோ அரைப்பதற்கு முன் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைக் குப்பையில் போடுங்கள். பாகற்காய்க்குக் கசப்பு இயல்பு, இவற்றுக்கு அன்று. அந்தக் கசப்பைத் தரும் குக்குர்பிட்டாசின் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக் கூடியது. கசப்பும் ஒரு மருந்துதான் என்று பொறுத்துக்கொண்டு குடித்தவர்கள்தாம் இதனால் பெரிதும் துன்பப்பட்டிருக்கிறார்கள்.

மருந்து என்ற சொல் வந்ததால் இதையும் எழுதுகிறேன். 'நச்சு நீக்கும் சாறு', 'இரத்தம் ஊறும் சாறு' என்றெல்லாம் தயவுசெய்து பலகை வைக்காதீர்கள். நச்சை நீக்கக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அத்துடன், மருந்தென்று நம்பி அளவின்றிக் குடிப்பவர்களுக்குக் கேடும் நேரலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் மிகுவது ஆபத்து; ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வருபவர்கள் பீட்ரூட்டையும் பசலைக்கீரையையும் அளவோடுதான் கொள்ள வேண்டும்; இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களுக்குக் கீரைச் சாற்றில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குலைக்கும். இவர்கள் மருத்துவரைக் கேட்டுக் குடிக்கவும் என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும். பீட்ரூட் குடித்தவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மறுநாள் காலையில் பதறும் சிலருக்கு நிம்மதி கிடைக்கும்.

நிர்வாகத்தினரிடம் கேட்பது வேறு. கண் மட்டத்துக்கு நேரான அடுக்கைக் குளிர்பானத்துக்குக் கொடுத்துவிட்டு, சாற்றைக் கீழடுக்கில் ஒளித்து வைத்தால் எந்த அறிவிப்பும் பயன் தராது. முதலில் நல்ல குடிநீர், விலையின்றி, கைக்கெட்டும் இடத்தில். அதன் அருகே சாறு. குளிர்பானம் இருந்தே ஆக வேண்டுமென்றால் அது கேட்டால் எடுத்துத் தரும் இடத்தில். சாற்றின் விலை குளிர்பானத்தைவிடக் கூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்கறி அழுகும், புட்டி அழுகாது என்பதால் நடத்துபவருக்கு இதில் இழப்பு வரும் என்பது உண்மை. அந்த இழப்பைத் தொடக்கத்திலாவது நிர்வாகம் பகிர்ந்துகொள்ளாவிட்டால், சர்க்கரைப் பாகு எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்பதில் நியாயம் இல்லை.

குவளைக்கு 150 மில்லி லிட்டர் போதும். எந்தெந்தக் காய், சர்க்கரை உண்டா, உப்பு எவ்வளவு, எத்தனை மணிக்கு அரைத்தது என்பவற்றைச் சாக்பீஸால் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். முதல் வாரம் மிஞ்சும். இரண்டாம் வாரமும் மிஞ்சலாம். அப்போது சர்க்கரை டப்பாவைத் திறக்காமல், மறுநாள் அரைக்கும் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அந்த மாதம் முழுவதும் உங்களுக்கு நாளுக்கு ஒரு குவளையாவது விற்கும். அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நாள்தோறும் நிற்கும் ஒருவர்