பிபிசி நிர்வாகக் குழுவுக்கு: அந்தப் படத்தை நவம்பர் 26 அன்று போடுங்கள்

பிபிசி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களுக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டுகிற பிரிட்டன்வாசி இல்லை நான். ஆனால் எங்கள் வீடு உங்கள் தமிழ் வானொலியான தமிழோசை கேட்டு வளர்ந்த வீடு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா சிற்றலை ரேடியோவைத் திண்ணையில் வைத்துக்கொண்டு, கரகர சத்தத்துக்கு நடுவே முள்ளை நகர்த்திக்கொண்டிருப்பார். ஊரில் என்ன வதந்தி கிளம்பினாலும் "பிபிசியில சொன்னானா?" என்பதுதான் கடைசிக் கேள்வி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விஷயம், பீட்டர் வாட்கின்ஸும், நீங்கள் ஒளிபரப்பாமல் முடக்கிய அவருடைய 'தி வார் கேம்' படமும். அவர் 2025 அக்டோபரில், 90 வயது நிறைந்த மறுநாள், பிரான்சில் இறந்துபோனார். உங்களிடம் வேலை பார்த்த ஆவணப்பட இயக்குநர்களில் அவர் அளவுக்குத் துணிந்தவர்கள் குறைவு. அவர் அளவுக்கு உங்களால் அடிபட்டவர்களும் குறைவு.

உங்களிடம் வருவதற்கு முன்பே, சோவியத் பிடிக்கு எதிரான 1956 ஹங்கேரி எழுச்சியை இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரத்துத் தெருவில் வைத்துப் படமாக எடுத்தவர் அவர். ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்ட் பக்கமே போகவில்லை. நடித்தவர்கள் அமெச்சூர் ஆட்கள். பார்த்தால் செய்திப்படம் மாதிரியே இருக்கும். இந்த வித்தையை வைத்துத்தான் 1964 டிசம்பரில் உங்கள் திரையில் 'கலோடன்' வந்தது. 1746 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில், பிரிட்டிஷ் அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்க வந்த இளவரசர் சார்லஸின் படை அரசுப் படையிடம் தோற்று, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன சண்டை அது. அங்கே டிவி செய்தியாளர்கள் காமிராவோடு போய் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பசியில் காதடைத்து நிற்கும் மலைநாட்டுக்காரன் நேராக நம்மைப் பார்ப்பான். அவன் எந்தத் தலைவனுடைய குடியானவன், ஏன் சண்டைக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது என்று பின்னணிக் குரல் சொல்லும். இளவரசரின் வீரம் பற்றிய பாட்டெல்லாம் அந்த ஒரு முகத்தின் முன்னால் நிற்காது. அப்போது வாட்கின்ஸுக்கு வயது 29.

அடுத்த ஆண்டு எடுத்ததுதான் 'தி வார் கேம்'. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தின் மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை. கற்பனையாக எழுதிவிடவில்லை அவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் எரிந்த டிரெஸ்டன், ஹாம்பர்க், ஹிரோஷிமாவில் நடந்தவற்றைப் படித்து, அவற்றை இங்கிலாந்துத் தெருக்களில் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு இடம் எனக்கு மறக்காது. போலீஸ்காரர் ஒருவர் ஒரு வாளியைக் காட்டுவார். வாளி நிறையக் கல்யாண மோதிரங்கள். பிணங்களை எரிக்கும் முன் விரல்களிலிருந்து கழற்றியவை. அவற்றை வைத்து யார் யாரென்று பிறகு அடையாளம் கண்டுகொள்ளலாமாம். ரத்தம், தீ எல்லாம் படத்தில் இருக்கிறது. ஆனாலும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த வாளிதான். எங்கள் பக்கம் என்றால் அதில் தாலி இருந்திருக்கும்.

இந்தப் படத்தை நீங்கள் ஒளிபரப்பவில்லை. 1965 நவம்பர் 26 அன்று ஓர் அறிவிப்பு கொடுத்தீர்கள். வீட்டுக்குள் வரும் ஊடகத்துக்கு இது தாங்க முடியாத கோரம், முடிவு முழுக்க எங்களுடையது, வெளி நெருக்கடி எதுவும் இல்லை என்பது அதன் சாரம்.

அப்போது உங்கள் தலைவராக இருந்தவர் நார்மன்புரூக் பிரபு. அதற்கு முன் 1947 முதல் 1962 வரை பிரிட்டன் அரசின் அமைச்சரவைச் செயலர். அந்த செப்டம்பரில், தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த பர்க் டிரெண்டுக்கு அவர் கடிதம் எழுதினார்: அணு ஆயுதம் பற்றி மக்கள் நினைப்பதை இந்தப் படம் மாற்றிவிடலாம், அரசு பார்ப்பது நல்லது. அதே மாதம் 24ஆம் தேதி உள்துறை, பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்குப் படம் போட்டுக் காட்டினீர்கள். அரசு உத்தரவு போட்டது என்று நான் சொல்லவில்லை. உத்தரவுக்கே வேலை இருக்கவில்லை. பெரிய வீட்டில் முகம் சுளித்தாலே போதும், கணக்குப்பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஆனால் "வெளி நெருக்கடி இல்லை" என்று அறிவித்தபோது அந்தக் கடிதத்தையும் அந்தத் திரையிடலையும் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா? எங்கள் அப்பா நம்பியது அந்த மாதிரி வாக்கியங்களைத்தானே.

அப்புறம் நடந்தது வேடிக்கை. வீட்டுக்கு ஆகாத படத்தை 1966இல் தியேட்டருக்கு விட்டீர்கள். 1967இல் அது சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. (ஒரு குண்டும் விழாத ஊரில் ஆட்களை நடிக்கவைத்து எடுத்ததற்கு ஆவணப்பட விருது! வாட்கின்ஸ் சிரித்திருப்பார்.) உங்கள் இரண்டாவது சேனலில் அது வந்தது 1985 ஜூலை 31இல். 20 வருடம். படத்தின் கடைசியில் வரும் சிறுவர்களிடம், பெரியவனானால் என்னவாகப் போகிறாய் என்று கேட்பார்கள். எதுவாகவும் ஆக விருப்பமில்லை என்பார்கள். டிவியில் அது வருவதற்குள் அந்தப் பையன்கள் முப்பதைத் தொட்டிருப்பார்கள்.

வாட்கின்ஸ் ராஜினாமா செய்தார். கொஞ்ச நாளில் நாட்டை விட்டே போனார். ஸ்வீடனில் ஒரு படம், அமெரிக்காவில் 'பனிஷ்மென்ட் பார்க்', 1974இல் நார்வே தொலைக்காட்சிக்காக ஓவியர் எட்வர்ட் முங்க் பற்றி ஒரு படம். முங்க் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆளை எப்படி விட்டார்கள் என்று வாயடைத்துப் போனேன். பிறகு அணு ஆயுதம் பற்றியே பதினாலரை மணி நேரம் ஓடும் 'தி ஜர்னி'. உண்மையைச் சொல்கிறேன், அதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. சுலபமான மனிதர் இல்லை அவர். எல்லா டிவியும் ஒரே வேகத்தில், ஒரே அச்சில் வெட்டி ஒட்டி நம்மை யோசிக்க விடாமல் செய்கிறது என்று கடைசி வரை சண்டை போட்டார். 1871இல் பாரிஸ் மக்கள் நடத்திய புரட்சி ஆட்சியான பாரிஸ் கம்யூன் பற்றி ஐந்தே முக்கால் மணி நேரப் படம் எடுத்தார். அதை பிரெஞ்சு-ஜெர்மன் ஆர்ட்டே சேனல் விடிய விடியப் போட்டது. ஆள் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 30 வயதில் அவர் வாயைப் பொத்தியவர்கள், பின்னாளில் ஏன் இவ்வளவு பேசுகிறார் என்று கேட்கக்கூடாது.

சரி, எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். மன்னிப்பு வேண்டாம், கேட்டுக்கொள்ள வேண்டியவர் போய்விட்டார். வருகிற நவம்பர் 26 அன்று உங்கள் முதல் சேனலில், ஊர் தூங்கப் போகும் முன், 'தி வார் கேம்' போடுங்கள். அதற்கு முன் செய்தி வாசிப்பவர் ஒருவர் 1965 அறிவிப்பையும் நார்மன்புரூக்கின் கடிதத்தையும் அடுத்தடுத்து வாசிக்கட்டும். விளக்கவுரை எதுவும் வேண்டாம், வாசித்தால் போதும்.

இன்னொன்று, இது எங்களுக்காக. உங்கள் தமிழ்ப் பிரிவு அந்தப் படத்தைத் தமிழ் வசன வரிகளோடு ஒருமுறை வெளியிட வேண்டும். எழுதித்தர ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழோசையின் பழைய நேயர் ஒருவர்