விமான நிலையத்தில் நின்ற வண்டி

குரோம்பேட்டை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மாவும் நானும் நலம். எதிர்வீட்டு மாமா தம் மகளை வழியனுப்ப மீனம்பாக்கம் போனபோது, 2022 டிசம்பரில் திறந்த அந்த அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில், பின்கண்ணாடியில் நம் குலதெய்வத்தின் பெயர் ஒட்டிய பச்சை நம்பர் பிளேட் வண்டியொன்று சார்ஜரில் மாட்டியபடி நின்றதைப் பார்த்தாராம். நான்கு நாள் கழித்து மகளை அழைத்துவரப் போனபோதும் அது அப்படியே நின்றதாம். நான் வேறெதுவும் கேட்கவில்லை, பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாண்டிச்சேரியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓட்டி வந்தவன், திரும்பும் வழியை நினைத்து சார்ஜில் போட்டுவிட்டு விமானம் ஏறுவது எனக்குப் புரிகிறது. ஆனால் லித்தியம் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பி, இந்தச் சித்திரை வெக்கையில் நாள்கணக்காக நிறுத்திவைத்தால் அதன் ஆயுள் குறையும். 50, 60 சதவீதத்தில் நிற்பதே அதற்கு நல்லது. சில வகை செல்களை அவ்வப்போது முழுதாக நிரப்பச் சொல்வார்கள், உன் வண்டிக்கு என்ன என்று கையேட்டைப் பார். எந்த வகையானாலும் நிரப்பி ஓட்டுவது வேறு, நிரப்பி நிறுத்திவைப்பது வேறு. சார்ஜ் ஏறி முடிந்த வண்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால், அடுத்து வருகிறவன் என்ன செய்வான்? இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதிலேயே மிக்ஸிக்கு ஃபியூஸ் போட்டவன் நீ. ஆனாலும், நிரப்பி நிறுத்தாதே.

நம் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு எதிரேயுள்ள திரிசூலம் ரயிலில் இரண்டே ஸ்டேஷன். வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பொங்கலன்று நீ சமையலறை ஜன்னல் வழியாக இழுத்திருந்த வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அது பொய்யில்லை, அந்த வயர் 15 ஆம்பியரை மணிக்கணக்காகத் தாங்காது. ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் அதைப் பிடுங்கி எறிந்து, "என் மீட்டரில் இந்தப் பொம்மை ஓட வேண்டாம்" என்று நான் கத்தியது வயருக்காக அல்ல. மின்வாரியத்தில் 34 ஆண்டு கம்பத்தில் ஏறியவனிடம், மின்சார வண்டி வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற ஆங்காரம். மருமகள் அன்று சாப்பிடாமலே எழுந்துபோனாள் என்று அம்மா பிறகுதான் சொன்னாள். அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவுக்கு மீட்டரிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, மின்னோட்டம் மிகுந்தாலோ கசிந்தாலோ தானே அணைத்துவிடும் எம்சிபி, ஆர்சிசிபி இரண்டையும் தனியாக வைத்து, புதிதாக எர்த்தும் அடித்துவிட்டேன். எர்த் சரியில்லையென்றால் உங்கள் சார்ஜர் ஏற்காது என்கிறார்கள். மணிக்கு 3 யூனிட் ஏறினாலும் ஓர் இரவில் 30 யூனிட் கிடைக்கும். நீ ஊரிலில்லாத நாள்களில் பாதிச் சார்ஜிலேயே விட்டு, நீ திரும்புவதற்கு முந்தைய இரவு நானே மாட்டிவிடுவேன். துளசித் தொட்டியைப் பின்பக்கம் நகர்த்தியாகிவிட்டது.

20ஆம் தேதி மறுபடி பயணம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். எத்தனை மணிக்கு வருவாய் என்பதையும் அவளிடமே சொன்னால் போதும், கேட்டைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா