செகெம்காவின் சுவரில் ஒரு துளை

பழம்பொருள்களை மக்களின் சார்பில் காத்துவரும் நகர மன்ற உறுப்பினர்களுக்கும் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கும்,

வணக்கம்.

நிதி நெருக்கடி முற்றும்போது, காட்சிக்கூடத்தின் மூலையில் அமர்ந்திருக்கும் எகிப்தியச் சிலையை விற்றால் என்ன என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு எழக்கூடும். அது தீர்மானமாக மாறுமுன், செகெம்காவுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

செகெம்கா அரசர் அல்லர். எழுத்தர்களை மேற்பார்வையிட்ட பண்டைய எகிப்திய அதிகாரி. ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்புக்கல்லில் வடித்து வண்ணம் தீட்டப்பட்ட அவருடைய சிலை, எகிப்தின் பழைய இடுகாடான சக்காராவின் கல்லறை ஒன்றிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. உயரம் சுமார் 75 சென்டிமீட்டர்தான். மடியில் பாதி விரித்த பப்பைரஸ் சுருள் இருக்கிறது. தமக்கு வேண்டிய படையல் பொருள்களின் பட்டியலை அவர் அதில் வைத்திருக்கிறார். மறுமைக்கும் கணக்கேட்டோடு போயிருக்கிறார் என்று சிரிக்கத் தோன்றுகிறது. அவர் காலைத் தழுவியபடி மனைவி சித்மெரித் அமர்ந்திருக்கிறார்.

இத்தகைய சிலைகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. இறந்தவரின் உயிராற்றலான 'கா' வந்து தங்கிப் படையலை ஏற்பதற்கான உடலாகவே அவற்றை எகிப்தியர் கருதினர். 'செர்தாப்' என்று இன்று அழைக்கப்படும் அடைத்த சிற்றறையில் சிலையை நிறுத்தி, சுவரில் சிறு துளை மட்டும் விட்டார்கள். சாம்பிராணிப் புகை உள்ளே போகவும் சிலை வெளியே நோக்கவும் அது வழி. சக்காராவில் 'தி' என்ற அதிகாரியின் கல்லறையில் இவ்வமைப்பை இன்றும் காணலாம். மூலச் சிலை கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்க, அதன் வார்ப்புப் பிரதி அதே அறையில் நிற்கிறது. வருவோர் துளை வழியே எட்டிப் பார்க்கிறார்கள்.

சிலை இன்னாருடையது என்று காட்டியது அதில் பொறித்த பெயர்தான். 1850இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மாரியேத் சக்காராவில் கண்டெடுத்து, இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற 'அமர்ந்த எழுத்தர்' யார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. பெயர் தாங்கிய பகுதி அவரோடு வந்து சேரவில்லை. செகெம்காவுக்குப் பெயர் இருந்தது, மனைவியின் பெயரும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரபு குடும்பம் ஒன்றின் கொடையாக இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் அருங்காட்சியகத்துக்கு வந்த அச்சிலையின் முன், பள்ளிப் பிள்ளைகள் உட்பட எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள்.

2014 ஜூலையில் நார்தாம்ப்டன் நகர மன்றம் அதனை லண்டனில் ஏலம் விட்டது. விலை 1 கோடியே 57 லட்சம் பவுண்டைத் தாண்டியது; அதில் ஒரு பெரும் பங்கு கொடையளித்த குடும்பத்தின் வாரிசுக்குப் போயிற்று. அருங்காட்சியகத்தை விரிவாக்கவே விற்கிறோம் என்றது மன்றம். எகிப்தியத் தூதர் கண்டித்தார். இங்கிலாந்தின் கலை மன்றம் அருங்காட்சியகத்துக்கான அங்கீகாரத்தைப் பறித்தது. சிலை நாட்டைவிட்டுப் போகாதிருக்க அரசு விதித்த தற்காலிகத் தடைக்காலத்தில், அதை மீட்கும் அளவுக்குப் பணம் திரளவில்லை. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. விற்ற மன்றமோ, 2021இல் நடந்த நிர்வாகச் சீரமைப்பில் தானே கலைக்கப்பட்டுவிட்டது.

இன்று செகெம்கா இருப்பது யாரோ ஒருவருடைய அறையில். அந்த அறைச் சுவரில் நமக்குத் துளை இல்லை. எகிப்துக்கே திருப்பித் தரவேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு, அது தனியே பேசவேண்டிய வழக்கு. பெயர் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டால் அவ்வழக்கைத் தொடுக்கவும் ஆள் அகப்படமாட்டார்.

ஆகவே, உங்கள் பொறுப்பிலுள்ள கல்லறைச் சிலைகளைச் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று வேண்டுகிறேன். பராமரிக்க இயலாத நிலை உண்மையாகவே வந்தால், ஏலக்கூடத்துக்குப் போகுமுன் மற்றொரு பொது அருங்காட்சியகத்தை அணுகி, சிலையோடு அதன் ஆவணங்கள் அனைத்தையும் சேர்த்து ஒப்படையுங்கள். அதுவரை, விளக்கப் பலகையில் 'எகிப்திய அதிகாரி, சுண்ணாம்புக்கல்' என்று எழுதி நிறுத்திவிடாமல், கல்லில் உள்ள பெயரை வருவோர் வாய்விட்டுப் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி வையுங்கள். அருகில் மனைவி இருந்தால் அவர் பெயரையும்.

இப்படிக்கு,
அருங்காட்சியகப் பார்வையாளர் ஒருவர்