ஒரு சொல்லை மட்டும் மாற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஆய்வு அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு இடம் மனசில் உறுத்தியது. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் சர்க்கரை நோய்க்கு 'ரைசிங் இன்சிடென்ஸ்' என்று போட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்கச் சர்க்கரை நோய் பற்றி நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் 11.4 சதவீதத்தைக் கொடுத்திருக்கிறாய். 2023-ல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது, சர்க்கரை நோயோடு நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை: சுமார் 10.1 கோடி. அது பிரிவலென்ஸ். ஒரு வருஷத்தில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பதுதான் இன்சிடென்ஸ்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது மேஜையில் இரண்டு நோட்டு கிடக்கும், ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் நோட்டில் அன்றன்றைக்குப் புதிதாக வந்தவர்கள் பெயர் மட்டும் ஏறும். சர்க்கரை நோட்டில், மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். யாராவது இறந்துபோனால்தான் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு விழும். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு அவர்கள் நீண்ட நாள் இருந்தால், புதிதாக வருகிறவர்கள் கூடாவிட்டாலும் நோட்டு பெருத்துக்கொண்டே போகும். எச்.ஐ.வி. கதையும் இதுதான். கூட்டு மருந்து வந்தபிறகு மரணம் குறைந்தது, அதனாலேயே தொற்றோடு வாழ்கிறவர்கள் தொகை பல நாடுகளில் ஏறியது. பிரிவலென்ஸ் ஏறுவதற்குள் இப்படி ஒரு நல்ல சேதியும் இருக்கலாம், கண்ணு. அதனால்தான் இந்த ஒரு சொல்லை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்புறம், எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது. நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது, சளி பிடிக்கிறது. மாற்றிச் சொன்னால் புரியும், ஆனால் காதில் ஒட்டாது. இங்கிலீஷும் அப்படித்தான். ரேட்டுக்கு 'ஹை' சேரும், 'பிக்' சேராது. 'இன்கிரீசிங்லி காமன்' போதும், நடுவில் 'மோர்' வேண்டாம். எதில் ஏற்றம் என்றால் 'இன்கிரீஸ் இன் கேசஸ்', எவ்வளவு ஏற்றம் என்றால் 'இன்கிரீஸ் ஆஃப் டென் பர்சென்ட்'. 'ஸ்பைக்' என்பது ஊசி முனை மாதிரி சட்டென்று ஏறி இறங்குவது. ஐப்பசி மழையை ஒட்டி டெங்கு அப்படி ஏறும். சர்க்கரை அப்படியா? அது வருஷக்கணக்கில் மெல்ல ஏறுவது, அதற்கு 'ஸ்டெடி ரைஸ்'தான் பொருத்தம். 4 சதவீதம் 6 ஆனால் அதை இரண்டு சதவீத ஏற்றம் என்று எழுதாதே. 'டூ பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுது. சதவீதத்தில் சொன்னால் அது 50.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாத அறிக்கையில் 'டயரியா இஸ் குரோயிங்' என்று எழுதிக்கொண்டு போனேன். எங்கள் டாக்டர் திட்டவில்லை. பென்சிலால் வட்டம் போட்டு, "போன மாசம் எத்தனை, இந்த மாசம் எத்தனை?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். உன் ஐந்தாம் பக்கத்தில் 'அலார்மிங் ரைஸ்' என்று இருக்கிறதே, அங்கேயும் அந்த இரண்டு எண்களைப் போட்டுவிடு.

திருத்தியதும் அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்று காலை வெறும் வயிற்றில் 128. மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை.

அன்புடன்,
அப்பா